ஃபியோதர் என்னும் பெயர்

மக்கட் பெயர்கள் வெறும் அடையாளக் குறிகள் அல்ல. ஒரு சமுதாயம் எவரோடு உறவு பூண்டது, எச்சமயத்தைத் தழுவியது, பிறமொழி ஒலிகளைத் தன் நாவுக்கு எவ்வாறு இசைவித்துக்கொண்டது என்பனவற்றையும் அவை உணர்த்தும். உருசிய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி (1821–1881) தாங்கிய ஃபியோதர் என்னும் பெயர் இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

இதன் மூலம் தியோதோரோஸ் என்னும் கிரேக்கப் பெயர். தியோஸ் என்பது கடவுள். தோரோன் என்பது கொடை. எனவே 'கடவுளின் கொடை' என்பது பொருள். இவ்விரு சொற்களும் முன்பின்னாக மாறி நின்று தோரோதியோஸ் எனவும் பெயராகும். அது உருசியத்தில் தொரோஃபெய் ஆயிற்று.

988ஆம் ஆண்டளவிற் கீவ் நாட்டரசர் விளாதிமிர் பிசாந்தியத் திருச்சபையின் கிறித்தவத்தைத் தழுவினார். அதன்பின் கிரேக்கப் புனிதர்தம் பெயர்கள் அந்நாட்டிற் பரவலாயின. ஃபியோதர் என்னும் பெயருடன் சார் மன்னர் மூவர் (1584–1598, 1605, 1676–1682) ஆண்டமை அதன் செல்வாக்கைக் காட்டும்.

தகரத்தில் தொடங்கிய பெயர் ஃபகரம் பெற்றது எங்ஙனம்? பண்டைக் கிரேக்கர் மூச்சொலி கலந்த தகரமாக ஒலித்த எழுத்து, பிசாந்தியர் காலத்தில் நாநுனி பல்லிடைப் பொருந்த உரசியெழும் ஒலியாயிற்று. உருசியரிடம் அவ்வொலி இல்லை; செவிக்கு அதனை ஒத்த ஃபகரத்தையே அவர்கள் கொண்டனர். தோமஸ் ஃபொமா ஆனதும், மார்த்தா மார்ஃபா ஆனதும் இம்முறையே. எனினும் எழுத்தில் மூலம் மறையவில்லை. கிரேக்க எழுத்தின் வழிவந்த ஃபித்தா என்னும் தனியெழுத்தாலேயே இப்பெயர்களை எழுதிவந்தனர். 1917–1918ஆம் ஆண்டுகளின் எழுத்துச் சீர்திருத்தம் அவ்வெழுத்தை நீக்கியது. ஈற்று ஒஸ் விகுதி கெட, முதலிலிருந்த ஈருயிரும் ஒன்றி நிற்க, ஃபியோதர் என்னும் வடிவம் நிலைத்தது. ஃபகரமும் சிலாவியர்க்குப் புதிதே. ஆதலின் உக்கிரேனிய நாட்டு வழக்கில் இப்பெயர் க்வேதிர் எனவும் திரிந்தது.

இங்கே சொல்லாராய்ச்சியாளர் கருதவேண்டியது ஒன்றுண்டு. தியோஸ் என்பதும் வடமொழித் தேவ என்பதும் ஒலியாலும் பொருளாலும் ஒத்தன. ஆயினும் உறவுடையன அல்ல. தியோஸ் என்பதன் முதலொலி, தூமம் என்னும் வடசொல்லின் மூச்சொலி கலந்த முதலொலிக்கே நேராவது. தேவ என்பதற்கு உறவுடைய கிரேக்கச் சொல் சேயுஸ் என்னும் கடவுட் பெயராகும். தோரோன் என்பதோ, தானம் என்னும் வடசொல்லோடு ஒருவேரிற் பிறந்தது. 'கடவுள் தந்தவன்' எனப் பொருள்படும் பொக்தான் என்னும் சிலாவியப் பெயரின் பிற்பகுதியும் அவ்வேரினதே.

ஒத்து ஒலிப்பன வேறாக, வேறாக ஒலிக்கும் தியோதோரோசும் ஃபியோதரும் ஒன்றாயின. ஆதலால் செவியின் தீர்ப்பை மட்டும் நம்பிச் சொற்களுக்கு உறவு கற்பித்தல் ஆராய்ச்சியாகாது. ஒலி மாறிய நெறியையும், சொல் வந்த வழியையும், அது வழங்கிய காலத்தையும் ஒருங்கு நோக்கித் துணிதலே அறிவுடையார் செயலாம்.