அப்துல் கலாம்: பறக்க விரும்பியவர்

கலாம் பிறந்த ராமேசுவரமும் பட்டாசு நகரான சிவகாசியும் 1985 வரை ஒரே ராமநாதபுரம் மாவட்டம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு நின்ற இரண்டு பழைய விமானங்கள் அவரை விமானப் பொறியியலுக்கு இழுத்தன. விமானப்படைத் தேர்வில் ஒன்பதாம் இடம். எடுத்ததோ எட்டுப் பேரை.

அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதன் நான்கு அடுக்குகளிலும் திட எரிபொருள்தான். சிவகாசி ராக்கெட் வெடியிலும் அப்படியே: காகிதக் குழலில் இறுக்கிய கருமருந்து எரிந்து வாயு கீழே பீறிட, குச்சி கட்டிய குழல் மேலே எழும்புகிறது.

ஆசைப்பட்ட விமானி அறை 74 வயதில் வாய்த்தது. 2006 ஜூன் 8 அன்று புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானியாக அமர்ந்து பறந்தார். போர் விமானத்தில் பறந்த இந்தியக் குடியரசுத் தலைவர்களில் அவரே முதலாமவர். மக்கள் பேரன்போடு நினைக்கும் அவருக்கு, ராமேசுவரம் பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று நினைவகம் திறக்கப்பட்டது.