பழைய டொயோட்டா மீண்டும் பாறையேற

1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர் வீல் டிரைவ் டொயோட்டா பிக்கப்புகளுக்கு இன்றும் தனி மவுசு. காரணம், முன்பக்கத்திலும் இருக்கும் ஒரே தண்டான அச்சு. பாறையில் ஒரு சக்கரம் மேலேறினால், மறுசக்கரம் கீழே அழுந்தித் தரையைப் பிடித்துக்கொள்ளும். 1986 மாடலில் அந்த அச்சு போய்விட்டது.

வாங்குபவர் பெயின்ட் பளபளப்பில் மயங்கக் கூடாது. வண்டிக்கடியில் படுத்து, சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் இரும்பு திடம். சத்தம் மந்தமாகி, துரு செதில் செதிலாக உதிர்ந்தால், வெல்டிங் முடியும்வரை வேறெதையும் தொடக் கூடாது.

பெரிய டயர் மாட்டினால் இன்ஜின் திணறும். டிஃபரன்ஷியல் பல்சக்கர விகிதத்தையும் மாற்றியாக வேண்டும். கையில் காசு குறைவென்றால் வின்ச்சும் விளக்குகளும் காத்திருக்கட்டும். முதல் செலவு பிரேக்குக்குத்தான்.