விஞ்ச் பாதி, வடம் பாதி



பழனி மலைக்குப் போய் வந்தவர்களுக்கு விஞ்ச் என்ற சொல் புதிதல்ல. படியேற முடியாதவர்களைப் பெட்டியில் உட்கார வைத்து, இரும்பு வடத்தால் மேலே இழுக்கிறார்களே, அதுதான். ஓர் உருளை, அதில் சுற்றிய வடம், உருளையைச் சுழற்ற ஒரு மோட்டார். இதையே சின்னதாகச் செய்து ஜீப்பின் முன்புறம் பொருத்தினால் வண்டி விஞ்ச் ஆகிறது. வடத்தின் நுனியை எதிரே உள்ள மரத்தில் மாட்டிவிட்டால், சேற்றில் அமிழ்ந்த வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

சிறுமலை, கொல்லிமலை போன்ற இடங்களில் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் ஏற்றிக்கொண்டு மண் பாதையில் இறங்குகிறவர்களுக்கு இது உதவியான சாமான்தான். ஆனால் கடைக்காரர் காட்டியதை வாங்கி மாட்டினால் போதாது. ஆளையே காவு வாங்கக்கூடிய சாமான் இது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது இல்லையா? அதனால் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

"எத்தனை டன் விஞ்ச் வாங்குவது?" இதுதான் முதல் கேள்வி. வண்டியின் எடையோடு பாரத்தின் எடையையும் சேருங்கள். அதைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் விஞ்ச் வேண்டும். காலி வண்டி 1,800 கிலோ, பாரம் 1,000 கிலோ என்றால் மொத்தம் 2,800 கிலோ. ஒன்றரை மடங்கு 4,200 கிலோ. விஞ்சில் பெரும்பாலும் பவுண்டுக் கணக்கில்தான் எழுதியிருக்கும். ஒரு கிலோவுக்கு சுமார் 2.2 பவுண்டு. ஆகவே 9,500 பவுண்டு என்று போட்ட விஞ்ச், சுமார் 4,300 கிலோ இழுக்கும். நம் கணக்குக்கு அது சரி.

ஒன்றரை மடங்கு எதற்கு என்று கேட்பீர்கள். கெட்டித் தரையில் நிற்கிற வண்டியை நாலு பேர் தள்ளினாலே நகரும். சேறு அப்படி விடாது, பிடித்துக்கொள்ளும். மேடாக இருந்தால் அந்தச் சுமையும் சேரும். அதனால் விஞ்சைப் போடுமுன் மண்வெட்டியை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் உள்ள சேற்றை வெட்டித் தள்ளி, பாரத்தையும் இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. விஞ்சில் எழுதியிருக்கும் பலம், உருளையில் அடி அடுக்கு மட்டும் சுற்றியிருக்கும்போது கிடைக்கும் பலம். வடம் மேலே மேலே சுற்றச் சுற்ற உருளை பருக்கும், இழுவை குறையும். நாலைந்து அடுக்கு ஏறிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். "புது விஞ்ச், இழுக்கவே மாட்டேங்குது" என்று சிலர் குறைப்படுவது இதனால்தான். வடத்தை நீளமாக வெளியே விட்டு, தூரத்து மரத்தில் மாட்டுங்கள். ஆனாலும் முழுக்க உருவிவிடக் கூடாது. இரும்பு வடமானால் ஐந்து சுற்றாவது, நார் வடமானால் எட்டு, பத்து சுற்றாவது உருளையில் இருக்க வேண்டும்.

பலம் போதவில்லையா? ஒரு கப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தில் கப்பியைக் கட்டி, வடத்தை அதன் வழியே கொண்டுவந்து வண்டியிலேயே மாட்டினால், விஞ்சுக்குப் பாதிச் சுமைதான். வேகமும் பாதியாகும், போகட்டும். ஆனால் மரத்தின் மேல் விழும் இழுப்பு வடத்தின் இழுப்பைப் போல இரண்டு மடங்கு. ஆகவே பெரிய மரமாகப் பார்த்து, அடித்தூரில் கட்டுங்கள். அகலமான பட்டைக் கயிறு போட்டுக் கட்டினால் மரப்பட்டை உரியாது.

மின்சார விஞ்சுக்கு பாட்டரிதான் உயிர். முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் 5 ஆம்பியர் எடுக்கும் என்றால், எண்பது பல்பை ஒன்றாக எரிப்பது போல! எஞ்சினை ஓடவிட்டே இழுக்க வேண்டும். ஒரு நிமிடம் இழுத்தால் சற்று நிறுத்தி மோட்டாரை ஆறவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாட்டுகிறது என்பவருக்குக் கையால் நெம்பி இழுக்கும் விஞ்சே போதும். மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் விலையும் குறைவு, பாட்டரியும் வேண்டாம்.

இனி வடம். இரும்பு வடம் விலை குறைவு. வெயில் தாங்கும், கல்லில் உரசினாலும் சட்டென்று போகாது. ஆனால் கனம், துருப் பிடிக்கும், பிசிறு கிளம்பினால் கையைக் கிழிக்கும். தோல் கையுறை இல்லாமல் தொடாதீங்க.

இப்போது கிடைக்கும் செயற்கை நார் வடம் வேறு ஜாதி. டைனீமா என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே பருமனுள்ள இரும்பு வடத்தைவிட அதிகம் தாங்கும். எடையோ ஏழில் ஒரு பங்குதான், தண்ணீரில் மிதக்கும். அறுந்தாலும் இரும்பு போல வெறியோடு திரும்பி அடிக்காது. குறை என்னவென்றால் சூடும் மணலும் அதற்கு ஆகாது. 150 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேயே உருகிவிடும். சேறு பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். இரும்பு வடம் ஓடித் தேய்ந்த பழைய வழிகாட்டி உருளையில் இதை விடக் கூடாது, வழவழப்பான அலுமினிய வாய் வேண்டும். கடையில் நைலான் கயிற்றைக் காட்டி "இதுவும் அதுதான்" என்றால் ஏமாந்துடாதீங்க. நைலான் ரப்பர் போல நீளும், விஞ்சுக்கு ஆகாது.

எந்த வடமானாலும் அது அறுபடும் எடை, விஞ்சின் பலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட வடம் பாதி பலத்தை இழந்துவிடும். ஆகவே அறுந்ததை முடிந்து ஓட்டாதீர்கள்.

இழுக்கும்போது ஞாபகம் வைக்க வேண்டியவை இவை. வடத்தின் நடுவில் நனைந்த கோணிச் சாக்கையோ கனமான ஜமுக்காளத்தையோ போடுங்கள். அறுந்தால் வீச்சைத் தடுக்கும். விறைத்த வடத்தை யாரும் தாண்டக் கூடாது. வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை, வடம் எவ்வளவு நீளமோ அதைவிடத் தள்ளி நிறுத்துங்கள். கொக்கியை வடத்தின் மேலேயே திருப்பி மாட்டக் கூடாது.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேற்றில் மாட்டிய டிராக்டரின் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி, எஞ்சினை முறுக்கி ஏற்றுகிற பழக்கம் பல ஊரில் உண்டு. கட்டை மண்ணில் ஊன்றிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. வண்டியின் மூக்குதான் மேலே கிளம்பும். கண் மூடித் திறப்பதற்குள் மல்லாந்துவிடும், குதிக்க நேரம் இருக்காது. இன்னொரு டிராக்டரால் இழுத்தாலும், இழுக்கும் வண்டியில் வடத்தைத் தாழ்வான இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே மாட்டினால் அதுவும் மல்லாக்கும்.

விஞ்சைப் பொருத்துமுன் வண்டியில் இந்த மாற்றம் செய்யலாமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்துவதும் சேஸிஸ் சட்டத்தில்தான் இருக்க வேண்டும், வெறும் பம்பரில் அல்ல.

மழைக்கு முன்பே ஒரு நாள் வடம் முழுவதையும் இழுத்துப் பார்த்து, பிசிறோ வெட்டோ இருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு மணி நேரம் தாமதமானால் வாழைத்தார் கொஞ்சம் வாடும், அவ்வளவுதான். வண்டியும் அப்புறம் வரும். நீங்கள் வீடு வந்து சேர வேண்டும், அதுதான் முக்கியம்.