அம்மாவின் கிரீமும் திமிங்கலத்தின் தலையும்

போன வாரம் அம்மா ஒரு கிரீம் டப்பாவை நீட்டி, "இதுல கெமிக்கல் இருக்காம்டா, தூக்கிப் போட்டுடவா? இயற்கையானதா ஒண்ணு வாங்கிக் கொடு"ன்னு கேட்டாங்க. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சீட்டில் பால்மிடேட்னு போட்டிருந்தது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, இது என்ன? 16 கார்பன் உள்ள சீட்டில் ஆல்கஹாலையும், 16 கார்பன் உள்ள பால்மிடிக் அமிலத்தையும் வினையூக்கி சேர்த்துச் சூடாக்கினா, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி எஸ்டர் உருவாகும். பார்க்க வெள்ளை மெழுகு. உருக 50 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடு வேணும். அதனாலதான் கிரீமுக்குக் கெட்டித்தன்மை வருது.

இது தோலுக்குத் தண்ணி கொடுக்காது. தோல் மேல மெல்லிய படலமாப் படிஞ்சு, உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகிறதைக் குறைக்கும். அதனால குளிச்சு முடிச்சதும், ஈரம் முழுசாக் காயறதுக்குள்ள தடவணும். காய்ஞ்ச தோல்ல தடவினா பலன் குறையலாம்.

இப்போ அந்த 'இயற்கை' விஷயத்துக்கு வருவோம். இந்தப் பொருளை மனுஷன் முதல்ல எடுத்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தோட தலையில இருந்து! ஸ்பெர்மசெட்டின்னு சொல்லப்பட்ட அந்த மெழுகின் முக்கியப் பகுதியே சீட்டில் பால்மிடேட்தான். மெழுகுவர்த்தி, கோல்ட் கிரீம் எல்லாத்துலயும் அது இருந்தது. 'சீட்டில்'ங்கிற பேரே திமிங்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். அதுக்காக ஏராளமான திமிங்கலங்கள் வேட்டையாடப்பட்டன. 1970-ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்கள் பட்டியலில் சேர்த்தது. வணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்தும் சர்வதேச முடிவு 1982-ல் எடுக்கப்பட்டு, 1986-ல் அமலுக்கு வந்தது.

எங்க பாஷையில சொன்னா, இன்டர்ஃபேஸ் அதேதான், பின்னாடி இருக்கிற சப்ளையரை மட்டும் மாத்திட்டாங்க. மூலக்கூறு ஒண்ணுதான். திமிங்கலத்துல இருந்து வந்தாலும், ரியாக்டர்ல இருந்து வந்தாலும் தோலுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனா கதை இங்க சுபம்னு முடியல. பால்மிடிக் அமிலம் பெரும்பாலும் பாமாயில்ல இருந்து வருது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் அந்தத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிஞ்சிருக்கு. அதனால கேட்க வேண்டிய கேள்வி 'இயற்கையா, செயற்கையா?' இல்லை. 'எங்க இருந்து, எதைக் கொடுத்து வந்தது?'

அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அப்போ திமிங்கலத்துக்கு இதுவே பரவாயில்லையா?"ன்னு கேட்டுட்டு டப்பாவை மறுபடி அலமாரியில வெச்சிட்டாங்க. இப்போ குளிச்சவுடனே தடவுறாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.