பெத்சாயிதா என்னும் மீனவர் ஊர்

சமய வரலாற்றில் இடம்பெற்ற ஊர்கள் யாவும் மதிலும் மாளிகையும் உடைய பேரூர்களே என்று கருதுவதற்கில்லை. கிறித்தவ சமயத்தின் தொடக்க நாள்களை ஆராய்வோர்க்கு எருசலேம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கலிலேயாக் கடலின் வடகரையில் இருந்த மீனவர் ஊர் ஒன்று. அதன் பெயர் பெத்சாயிதா. 'பெத்' என்பது வீட்டைக் குறிக்கும். 'சாயிதா' என்பது வேட்டையாடுதல், மீன்பிடித்தல் என்னும் பொருள்களையுடைய சொல்லின் அடியாகப் பிறந்தது. எனவே, மீன்பிடிப்போர் வீடு என்று அப்பெயருக்கு நாம் பொருள் கொள்ளலாம். பேதுரு, அவர்தம் உடன்பிறந்தாராகிய அந்திரேயா, பிலிப்பு ஆகிய மூவரும் இவ்வூரினர் என்று யோவானின் சுவிசேஷம் கூறுகின்றது. பன்னிரு சீடருள் மூவரைத் தந்த ஊர் எங்கே இருந்தது என்பதே பல நூற்றாண்டுக் காலம் மறைந்து கிடந்தது என்றால், நேயர்களுக்கு வியப்பாக இருக்கும்.

முதலில் அந்நீர்நிலையைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. கடல் என்று பெயர் பெற்றிருப்பினும் அது கடலன்று, நன்னீர் ஏரியே. ஏறத்தாழ 13 மைல் நீளமும், மிக அகன்ற இடத்தில் 8 மைல் அகலமும் கொண்டது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 700 அடி தாழ்ந்து கிடப்பது. யோர்தான் ஆறு வடக்கே அதனுட் புகுந்து தெற்கே வெளியேறுகின்றது. ஆறு கொணரும் வண்டலோடு இரையும் வந்து சேர்வதால், முகத்துவாரத்தை அடுத்த வடகரைப் பகுதி மீன்வளம் மிக்கது. சூழ நிற்கும் மலைகளினின்று காற்றுத் திடீரென இறங்குமாதலால், அமைதியான நீர்ப்பரப்பு நொடிப்பொழுதில் கொந்தளிப்பதும் உண்டு.

அம்மீனவர்கள் பெரும்பாலும் இரவிலே தொழில் செய்து, விடியலில் கரையேறி வலைகளை அலசினர். சுவிசேஷங்களின் கிரேக்க மூலத்தில் வலைக்கு ஒரு சொல்லன்று, மூன்று சொற்கள் வழங்குகின்றன. பொதுவாக வலையைக் குறிப்பது ஒன்று. தனியொருவன் சுழற்றி எறியும் வீச்சுவலையைக் குறிப்பது மற்றொன்று. பலர் கூடிக் கரைக்கு இழுக்கும் கரைவலையைக் குறிப்பது பிறிதொன்று. நம் கடற்கரை மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. இயேசு அழைத்தபோது பேதுருவும் அந்திரேயாவும் எறிந்துகொண்டிருந்தது வீச்சுவலை. நல்ல மீனும் ஆகாத மீனும் ஒருங்கே அகப்பட, கரையில் அமர்ந்து பிரித்தெடுக்கும் உவமையிலே வருவது கரைவலை. தொழிலறிந்தோர் நடுவே பேசப்பட்ட பேச்சு அது என்பது இச்சொற்களாலேயே விளங்கும்.

அத்தொழிலில் செல்வம் கொழிக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1986-ஆம் ஆண்டில், மழை பொய்த்து ஏரி வற்றியபோது, வடமேற்குக் கரையின் சேற்றிலிருந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடைய படகு ஒன்று வெளிப்பட்டது. 27 அடி நீளமுள்ள அப்படகு பலவகை மரத்துண்டுகளால் மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டுச் செப்பனிடப்பட்டிருந்தது. புதுப்படகு கட்ட வகையற்றவர்கள் பழையதையே பேணிக் காத்தனர் போலும். இத்தகைய வாழ்வினர் வலையை விட்டுச் சென்றார்கள் என்றால், அவர்கள் விட்டது அன்றாட உணவையே என்பதை நாம் உணர வேண்டும்.

இனி, ஊரின் அரசியல் நிலையைக் காண்போம். பெரிய ஏரோது கி.மு. 4-இல் இறந்தபின் அவன் நாடு பங்கிடப்பட்டது. யோர்தானுக்குக் கிழக்கும் வடக்குமான பகுதிகள் அவன் மகன் பிலிப்புவுக்குக் கிடைத்தன. தமிழ் வேதாகமம் இவனைக் காற்பங்கு தேசாதிபதி என்று வழங்கும்; சீடராகிய பிலிப்பு வேறு, இவன் வேறு. சிற்றூராக இருந்த பெத்சாயிதாவில் இவன் குடிகளைப் பெருக்கி, அதை நகரமாக உயர்த்தி, உரோமப் பேரரசரின் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் நினைவாக 'யூலியா' என்று பெயர் மாற்றினான். அவள் அகுஸ்துவின் மகள் என்பர் வரலாற்றாசிரியர் யோசீபஸ். அம்மகள் கி.மு. 2-லேயே நாடு கடத்தப்பட்டாளாதலின், அகுஸ்துவின் மனைவி லிவியாவே குறிக்கப்பட்டாள் என்பது பிற்கால அறிஞர் பலர் கருத்து. பிலிப்பு இந்நகரிலேயே உயிர்நீத்தான்.

யூதரும் கிரேக்க மொழியினரும் கலந்து வாழ்ந்த எல்லைப்புறம் அது. அந்திரேயா, பிலிப்பு என்னும் பெயர்கள் கிரேக்கப் பெயர்களாயிருப்பதும், எருசலேமில் இயேசுவைக் காண விழைந்த கிரேக்கர் சிலர் பிலிப்புவை அணுகியதும் இதனால் பொருத்தமாகின்றன. இன்னுமொரு செய்தி. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சி பெத்சாயிதாவை அடுத்து நடந்ததாக லூக்கா கூறுகின்றார். அந்நிகழ்ச்சியில், அப்பம் எங்கே வாங்கலாம் என்று இயேசு பிலிப்புவை வினவியதாக யோவான் கூறுகின்றார். பன்னிருவருள் பிலிப்புவைக் கேட்பானேன்? அவர் அவ்வூரார், கடைத்தெருவை அறிந்தவர். இரு நூல்களையும் ஒருங்கு வைத்துப் படிக்கும்போது ஒன்றின் பொருளை மற்றொன்று துலக்குகின்றது.

இவ்வூரில் நடந்ததாக மாற்கு கூறும் நிகழ்ச்சி ஒன்று தனித்தன்மையுடையது. பார்வையற்ற ஒருவர் ஒரே தொடுதலில் முழுப்பார்வை பெறவில்லை. முதலில் மனிதர்கள் நடமாடும் மரங்கள்போல் தோன்றினர். மறுமுறை கைவைத்த பின்னரே யாவும் தெளிவாயின. சீடர்களின் அறிவும் இவ்வாறே படிப்படியாகத் தெளிந்தது என்பதை இது காட்டுவதாக உரையாசிரியர்கள் விளக்குவர்.

இத்துணைப் பேறு பெற்ற ஊரே கடுமையான கண்டனத்திற்கும் உள்ளாயிற்று. கோராசீனோடும் கப்பர்நகூமோடும் பெத்சாயிதாவையும் சேர்த்து இயேசு கடிந்துரைத்தார். இங்கு நடந்தவை புறச்சமயத்தார் நகரங்களாகிய தீருவிலும் சீதோனிலும் நடந்திருப்பின் அவை என்றோ மனந்திரும்பியிருக்கும் என்பது அக்கண்டனத்தின் சாரம். அருகிலிருந்து கண்டவன் என்பதனால் மட்டும் ஒருவனுக்கு உயர்வு இல்லை. கண்டதற்கேற்ப வாழாதவனுக்கு அவ்வண்மையே குற்றமாகும். இவ்வூரின் சமயப் பொருளில் தலையாயது இதுவே என்று கூறலாம்.

நிற்க. ஊர் இருந்த இடம் எது? 1838-இல் அமெரிக்க அறிஞர் இராபின்சன், யோர்தானின் கிழக்கே எத்-தெல் என்னும் மேடே பெத்சாயிதா என்றார். ஏரியிலிருந்து ஒன்றரை மைல் விலகி நிற்கும் மேட்டில் மீனவர் குடியிருப்பரோ என்று பின்னர் ஷூமாக்கர் என்பார் ஐயுற்று, நீர்க்கரையிலேயே உள்ள எல்-அராஜைச் சுட்டினார். 1987 முதல் ராமி அராவ் எத்-தெல்லை அகழ்ந்தார். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரியரால் அழிந்த பெருநகரின் மதிலும் வாயிலும் அங்கு வெளிப்பட்டன. தாவீதின் மகன் அப்சலோம் அடைக்கலம் புகுந்த கேசூர் நாட்டின் தலைநகர் அது என்பது அகழ்ந்தோர் கருத்து. அதன் மேலடுக்கில் உரோமர் காலத்து வீடுகளும், தூண்டில் முட்களும், வலையின் ஈயக் குண்டுகளும் கிடைத்தன. ஏரி முற்காலத்தில் மேட்டின் அருகே இருந்து, வண்டலால் பின்வாங்கியது என்பது அவர் விடை.

2016-இல் அவியாம், நாட்லி என்னும் இருவர் எல்-அராஜில் அகழ்வைத் தொடங்கினர். உரோமர் காலக் குடியிருப்பும் அதன்மேல் பைசாந்தியக் காலக் கோயில் ஒன்றும் தென்பட்டன. கி.பி. 725-ஐ ஒட்டி அங்கு வந்த யாத்திரிகர் வில்லிபால்டு, பேதுருவும் அந்திரேயாவும் வாழ்ந்த வீட்டின் இடத்தில் கோயில் இருப்பதாகக் கூறியிருந்தார். 2022-இல் அக்கோயிலின் தளத்தில், பேதுருவைத் திருத்தூதர்களின் தலைவராகப் போற்றும் கிரேக்கக் கல்வெட்டு வெளிப்பட்டது. சான்று வலியது. எனினும், பைசாந்தியர் எவ்விடத்தைப் பெத்சாயிதா என நம்பினர் என்பதையே இது நேராக நிறுவுகின்றது. அவர்கள் நம்பியது சரியா என்பது வேறு வினா. அறிஞரிடையே வழக்கு இன்னும் முற்றிலும் ஓயவில்லை.

இடம் ஐயத்திற்குரியதாயினும் ஊரின் மக்கள் மறைந்துவிடவில்லை. தமிழகக் கடற்கரையில் கத்தோலிக்க மீனவர்கள் பேதுருவை இராயப்பர் என்றும் அந்திரேயாவைப் பெலவேந்திரர் என்றும் தம் மொழியிலேயே பெயரிட்டு வணங்கி வந்துள்ளனர். சென்னையின் இராயபுரம் இராயப்பர் பெயரால் அமைந்தது என்பர். தேசாதிபதி சூட்டிய யூலியா என்னும் பெயர் ஆராய்ச்சி நூல்களில் மட்டுமே எஞ்சி நிற்கின்றது. வலை வீசியவர்களின் ஊர்ப்பெயராகிய பெத்சாயிதாவோ, சுவிசேஷம் படிக்கப்படும் மொழிகளிலெல்லாம் இன்றும் ஒலிக்கின்றது.