வண்டி நகர்ந்த பிறகு இறங்குவதா, இறங்கிய பிறகு வண்டி நகர்வதா?

பொம்மைப் படைகளை மோதவிடும் வார்ஹாமர் 40,000 என்ற விளையாட்டின் மேசையில் படை ஏற்றும் வண்டியை முதன்முதலாக இறக்குகிறவருக்கு வரும் சந்தேகம் இது: வண்டியை நகர்த்திவிட்டு உள்ளே இருப்பவர்களை இறக்கலாமா, இறக்கிவிட்டுத்தான் நகர்த்த வேண்டுமா? இரண்டுக்கும் அனுமதி உண்டு. ஆனால் எதை முதலில் செய்கிறோமோ அதைப் பொறுத்து அந்த முறையில் அந்தக் குழுவால் என்ன முடியும் என்பதே மாறிவிடும். 2023இல் வந்த பத்தாம் பதிப்பின் விதிகளை வைத்துச் சொல்கிறேன்.

ஸ்பேஸ் மரீன்கள் என்ற படையின் ரைனோ வண்டியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு முறையில் 12 அங்குலம் போகும். வண்டி அசைவதற்கு முன்பே குழு இறங்கினால், வண்டியைச் சுற்றி 3 அங்குலத்துக்குள் ஒவ்வொரு பொம்மையும் முழுதாக அடங்கும்படி வைக்க வேண்டும். பிறகு அவர்கள் தங்கள் 6 அங்குலத்தை நடக்கலாம், சுடலாம், எதிரி மேல் பாய்ந்து கைகலக்கும் ‘சார்ஜ்’ கூடச் செய்யலாம். வண்டி முதலில் நகர்ந்தால் கணக்கு வேறு. 12 அங்குலமும் 3 அங்குலமும் சேர்ந்து 15 அங்குலம் முன்னே வந்துவிடுகிறார்கள். ஆனால் இறங்கிய இடத்தோடு சரி, அதற்கு மேல் நடக்க முடியாது. சுடலாம், சார்ஜ் கிடையாது. பகடை உருட்டிக் கூடுதல் தூரம் ஓடும் ‘அட்வான்ஸ்’ செய்த வண்டியிலிருந்தும், கைகலப்பிலிருந்து பின்வாங்கிய வண்டியிலிருந்தும் யாருமே இறங்க முடியாது.

வேகமா, தாக்குதலா என்று தேர்ந்தெடுக்க வைக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1998இல் வந்த மூன்றாம் பதிப்பில் ரைனோ 12 அங்குலம் பாய்ந்து வரும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி அதே முறையில் எதிரியை வெட்டத் தொடங்குவார்கள். ‘ரைனோ ரஷ்’ என்றே அதற்குப் பெயர். எதிரே நிற்பவருக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக்கூட இருக்காது. அடுத்து வந்த பதிப்புகள் அதை இறுக்கின. 2017இல் வந்த எட்டாம் பதிப்போ, வண்டி நகர்வதற்கு முன்புதான் இறங்க வேண்டும் என்று ஒரேயடியாகச் சொன்னது. பத்தாம் பதிப்பின் விதி இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது: வேகமாக வருகிறவரை எதிராளி ஒரு முறையாவது பார்த்துச் சுட முடிய வேண்டும்.

ஏறுவது எளிது. குழு தன் நகர்வை முடிக்கும்போது எல்லாப் பொம்மைகளும் வண்டிக்கு 3 அங்குலத்துக்குள் இருந்தால், உள்ளே இடமும் இருந்தால், ஏறிக்கொள்ளலாம். ஏறிய அதே நகர்வுக் கட்டத்தில் இறங்க முடியாது.

புதியவர்கள் அதிகம் அடிபடுவது வண்டி அழியும்போதுதான். அப்போது உள்ளே இருப்பவர்கள் உடனே இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பகடை. 1 விழுந்தால், கவசத்தால் தடுக்க முடியாத ஒரு காயம். தப்பியவர்களும் நிலைகுலைந்து நிற்பார்கள்: அந்த நிலையில், கைப்பற்ற வேண்டிய இலக்குப் புள்ளியைத் தம் வசம் வைத்திருக்க முடியாது, அந்த முறையில் சார்ஜும் செய்ய முடியாது. 3 அங்குலத்துக்குள் கால் வைக்க இடமில்லை என்றால் 6 அங்குலம் வரை தேடலாம். ஆனால் அப்போது 1, 2, 3 எது விழுந்தாலும் காயம். அங்கும் இடம் கிடைக்காத பொம்மை அழிந்ததாகவே கணக்கு. அனுபவசாலிகள் வண்டியை முதலில் நாலாபுறமும் வளைத்துக்கொண்டு பிறகு உடைப்பது இதற்காகத்தான். எதிரியின் பெருங்கூட்டம் அருகில் வருவது தெரிந்தால், வண்டியின் ஒரு பக்கத்தையாவது நம் ஆட்களைக் கொண்டு காத்துவைப்பது நல்லது. அல்லது குழுவை முன்கூட்டியே இறக்கிவிடலாம்.

சில வண்டிகளுக்குத் தனிச் சலுகை உண்டு. ஸ்பேஸ் மரீன்களின் இன்னொரு வண்டியான லேண்ட் ரெய்டர் நகர்ந்த பிறகு இறங்குகிறவர்கள் சார்ஜ் செய்யலாம். முன்புறம் திறக்கும் அதன் சாய்தளம் அந்த உரிமையைத் தருகிறது. டெர்மினேட்டர் கவசம் அணிந்தவர்கள் அதில் ஆளுக்கு இரண்டு இடம் பிடிப்பார்கள் என்பதால், 12 பேருக்கான வண்டியில் 6 பேர்தான் போக முடியும்.