உள்ளே வைத்த நூலகத்தை உறங்க விடலாமா?

தரவைச் சுருக்கிச் சேமிக்கும் வேலையைக் கோப்பு முறைமைகள் பெரும்பாலும் பிறர் எழுதிய நிரல் நூலகத்திடம் விடுகின்றன. 2016-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட இசட்ஸ்டாண்டர்டு அப்படிப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 2017-இலும், ஓப்பன் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை 2020-இலும் அதன் நிரலை நகலெடுத்துத் தமக்குள் வைத்துக்கொண்டன. கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொது நூலகம் போதாதா என்று கேட்கலாம். கெர்னலுக்குள் ஓடும் நிரலால் அதை அழைக்க முடியாது. நகல் வைத்தே ஆகவேண்டும். ஆனால் நகலெடுத்த நாளிலிருந்தே அது பழசாகத் தொடங்குகிறது. லினக்ஸில் 2022 ஜனவரியில் 5.16 பதிப்பு வரும்வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், அந்த நகல் மூலத்தைவிட வெகுவாகப் பின்தங்கியே கிடந்தது. வேகம் கூட்டிய திருத்தங்கள் வெளியே தயாராக இருந்தும் பயனரை எட்டவில்லை.

நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. புதிய பதிப்பு பழைய தரவைச் சரியாகவே விரிக்கும். ஆனால் அதே தரவைச் சுருக்கும்போது வேறு பைட்டுகளைத் தரக்கூடும். இசட்எஃப்எஸ்ஸில் இரட்டை நகல் நீக்கும் வசதியை இயக்கியிருந்தால், அது சுருக்கிய பைட்டுகளின் செக்சம் எனும் சரிபார்ப்பு எண்ணைத்தான் ஒப்பிடுகிறது. பைட்டு மாறினால் ஒரே கோப்பு இரண்டு முறை இடம் பிடிக்கும். தரவு கெடாது, இடம்தான் வீண். எந்தப் பதிப்பு சுருக்கியது என்பதும் அங்கே ஒவ்வொரு தரவுத் தொகுதியின் தலைப்பிலும் பதிவாவதால் பின்னர் கண்டறியலாம். இந்தச் சிறு நஷ்டத்துக்கு அஞ்சிப் பிழைத்திருத்தங்களை ஒதுக்குவது தவறு. நகலில் செய்யும் சொந்த மாற்றங்களை மூலக் கோப்புகளில் கலக்காமல் தனியே வைத்து, தவணை தவறாமல் புதுப்பிப்பது பராமரிப்பாளரின் கடமை.